புறநகரில் ஒரு வீடு: விலையும் பெறுமதியும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த வளைக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதைப் பழமொழி கூறவில்லை. கொழும்பு மாநகரிலே வாடகை வீடுகளில் பதினைந்து வருடங்களைக் கழித்துவிட்ட ஓர் ஆசிரியன், தன் சேமிப்பையும் மனைவியின் நகையையும் வங்கி தருவதாகச் சொல்லும் கடனையும் ஒருசேரக் கூட்டிப் பார்த்துவிட்டு, சொந்த வீடொன்று தேடிப் புறப்படும்போதுதான் அவ்விலை இன்னதென்பது புலப்படும். கடந்த ஒரு வருட காலமாக நான் அத்தகைய தேடலிலே ஈடுபட்டிருந்தேன். சனிக்கிழமைகளில் பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, தரகர் பின்னால் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தேன்.

என் சொந்த விஷயத்தை இப்பக்கத்திலே எழுத முற்பட்டதற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இது என் ஒருவனுடைய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. தலைநகரில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, தலைநகரில் வீடு வாங்க வகையற்றிருக்கும் நடுத்தரக் குடும்பங்கள் யாவும் இன்று இதே கேள்வியின் முன் நிற்கின்றன. நகரம் எவ்வாறு வளர்ந்தது, புகையிரதம் எங்கே ஓடுகிறது, தமிழ் மொழியிலே பிள்ளை எங்கே படிக்கலாம், மழைவெள்ளம் எங்கே வடியும், பக்கத்து வீட்டார் யார் என்னும் பல வினாக்கள் ஒரு சிறு காணித்துண்டின் மீது வந்து குவிகின்றன. ஆதலால் என் அனுபவத்தை ஒரு கணக்கேடாக விரித்து வைக்கிறேன்.

தந்தையர் காலமும் நம் காலமும்

என் பாட்டனாரின் தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த எழுதுவினைஞர் பலர் நாலைந்து பேராகச் சேர்ந்து வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஓர் ஆளை அமர்த்திக்கொண்டு காலம் கழித்தனர். வீடு என்றால் அவர்களுக்கு ஊரில் உள்ள வளவுதான். 1956ஆம் ஆண்டு யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் ஊரும் உத்தியோகமும் ஒரு பகற் பிரயாணத்துள் அடங்கின. கொழும்பு பிழைப்புக்குரிய இடம். யாழ்ப்பாணம் வாழ்வுக்குரிய இடம். பின்னர் போர் வந்தது. 1990 தொடக்கம் 2014 வரை அந்தப் புகையிரதம் யாழ்ப்பாணம் போகவில்லை. பாதை மீண்டும் திறக்கப்பட்டபோது, அதற்கிடையில் கொழும்பிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊர் என்பது தேர் பார்க்கப் போகும் இடமாகிவிட்டது. இன்று நாம் புறநகரில் வீடு தேடுவது ஒரு தலைமுறை தன் வாழ்வின் மையத்தை மாற்றிக்கொள்வதாகும். அவ்வாறு மாற்றுவது இலேசான காரியமன்று.

நகருக்கு வெளியே குடியிருந்து நகருக்குள் வேலை செய்யும் வழக்கம் கொழும்புக்குப் புதியதன்று. 1864ஆம் ஆண்டு அம்பேபுஸ்ஸ வரை முதற் புகையிரதம் ஓடிற்று. 1870களின் இறுதியில் கரையோரப் பாதை தெற்கே நீண்டது. தெஹிவளை, கல்கிசை, மொறட்டுவை என்பன அப்பாதையிலே கோத்த மணிகள் போல வளர்ந்தன. 1921ஆம் ஆண்டில் பற்றிக் கெடஸ் என்னும் அறிஞர் கொழும்பைப் பூங்கா நகராகக் கண்டு ஒரு திட்டம் வரைந்தார். 1940களின் இறுதியில் ஆங்கில நகரமைப்பு நிபுணரான சேர் பற்றிக் அபர்குறொம்பி, நகரத்தின் நெருக்கத்தைத் தணிப்பதற்கு ராகமை, ஹோமாகமை, இரத்மலானை ஆகிய மூன்று இடங்களிலும் துணை நகரங்கள் அமைய வேண்டும் என்று கருத்துரைத்தார். ஏறக்குறைய எண்பது வருடங்களின் பின், கையில் பணம் போதாத ஒருவன் தேடிச் செல்லும் திசைகளும் அவையே. நிபுணர் வரைந்த படத்திலே அவை தொழிலும் பாடசாலையும் தம்முள்ளே கொண்ட நகரங்கள். நாம் காண்பனவோ, காலையிலே ஆட்களை வெளியே அனுப்பி மாலையிலே திரும்பப் பெறும் படுக்கை அறைகள். திட்டத்துக்கும் நடப்புக்கும் உள்ள இந்த இடைவெளியைத்தான் நம்முடைய பிள்ளைகள் நாள்தோறும் பஸ் வண்டியிலே நின்றுகொண்டு கடக்கிறார்கள்.

மூன்று திசைகள்

தெற்குத் திசையை முதலிலே பார்த்தேன். வெள்ளவத்தையில் குடியிருப்பவனுக்கு அதுவே இயல்பு. தெஹிவளை, இரத்மலானை, மொறட்டுவை, பாணந்துறை என்று காலி வீதியும் புகையிரதமும் பக்கம் பக்கமாகச் செல்கின்றன. பாணந்துறை வரை இரட்டைப் பாதை, வண்டிகளும் அதிகம். கோயில், சந்தை, தமிழ்க் கடை, உறவினர் வீடு ஆகிய யாவும் ஒரே வீதியிலே உள்ளன. ஆனால் எல்லோரும் விரும்பும் திசையிலே காணி மலிவாக இருக்குமா? தெஹிவளையில் என் பணம் ஒரு தொடர்மாடியின் மூன்றாந் தளத்தில் இரண்டு அறைகளுக்கே போதுமாயிருந்தது. அடுக்குமாடியில் வீடு வாங்குவோர் தம் அறைகளின் விலையை மாத்திரம் பார்க்கக்கூடாது. மின்தூக்கி, நீர்த்தாங்கி, கூரை, காவல் ஆகிய பொதுச் செலவுகள் மாதந்தோறும் வரும். அன்றியும் அக்கட்டடம் 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி ஆதனச் சட்டத்தின்படி முறையாகப் பதியப்பட்டதா என்பதையும் ஆராய வேண்டும். பதியப்படாத மாடியை வாங்குபவன் ஓர் உறுதியை அன்று, ஒரு வாக்குறுதியையே வாங்குகிறான்.

கிழக்குத் திசையில் நுகேகொடை, மகரகமை, கொட்டாவை, ஹோமாகமை என்று ஹைலெவல் வீதி செல்கிறது. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதையும் அங்கே உண்டு. ஆதியிலே இது ஒடுங்கிய பாதையாக இருந்து, 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. இன்றும் ஒற்றைப் பாதைதான். வளைவுகளும் வீதிக் கடவைகளும் மிகுதி. வண்டி தவறினால் 138ஆம் இலக்கப் பஸ்ஸே தஞ்சம். ஆயினும் ஒரு விஷயத்தை மறத்தலாகாது. 1982ஆம் ஆண்டு பாராளுமன்றம் கோட்டேக்குப் பெயர்ந்தது. அதன்பின் கல்வி அமைச்சு உட்படப் பல அரசாங்கக் கந்தோர்கள் பத்தரமுல்லைக்குச் சென்றன. அங்கே வேலை செய்பவனுக்குக் கோட்டைப் புகையிரத நிலையம் எவ்வளவு தூரம் என்ற கேள்வி வீண். நகரத்துக்கு அருகே என்று விளம்பரம் செய்யும் தரகரிடம், எந்த நகரத்துக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இத்திசையிலேதான் நான் ஒரு பாடம் படித்தேன். மாலபேயிலே காணி காட்டிய ஒருவர், முன்பு அவ்வழியே இலகு புகையிரதம் வருவதாக இருந்ததென்றும், அதை நம்பி வாங்கியவர்கள் பலர் என்றும் கூறினார். அவர் சொன்னது உண்மை. யப்பானின் கடனுதவியோடு மாலபேயிலிருந்து கோட்டை வரை ஏறக்குறைய 16 கிலோமீற்றர் நீளத்தில் அமையவிருந்த அத்திட்டம் 2020ஆம் ஆண்டு செப்டெம்பரிலே கைவிடப்பட்டது. வரப்போகும் பாதையை நம்பி வீடு வாங்குவது, பிறக்கப்போகும் பசுவின் பாலுக்குப் பாத்திரம் வாங்குவது போன்றது. இன்றைக்கு ஓடுகின்ற வண்டியை மாத்திரமே கணக்கிற் சேர்க்க வேண்டும். அதையும் மழை நாளில் ஒருமுறை ஏறிப் பார்த்த பின்பே சேர்க்க வேண்டும்.

வடக்குத் திசையை நம்மவர் பலர் இரண்டாந்தரமாகவே எண்ணுவர். களனி கங்கையைக் கடந்தால் பேலியகொடை, வத்தளை, ஹெந்தளை, அப்பால் கந்தானை, ஜா-எல. புகையிரதப் பாதை சற்று உட்புறமாகச் சென்று ராகமையை அடைகிறது. ராகமை ஒரு சந்தி. மலையகப் பாதையும் புத்தளம் பாதையும் அங்கே பிரிகின்றன. ஆகவே இரண்டு பாதைகளின் வண்டிகளும் அந்நிலையத்துக்கு உண்டு. அங்கே போதனா வைத்தியசாலையும் இருக்கிறது. முதிய தாயோடு வாழ்பவனுக்கு இது சிறிய நன்மையன்று. வத்தளைக்கோ பஸ்ஸே பிரதானம். கட்டுநாயக்கா அதிவேகப் பாதை 2013இலும், களனி கங்கையின் புதிய மேம்பாலம் 2021இலும் திறக்கப்பட்டமை மோட்டார் வண்டி உடையவர்களுக்கு உதவிற்று. பழைய நீர்கொழும்பு வீதியிலே பஸ்ஸில் நிற்பவனுக்குக் கிடைத்தது சிறு ஆறுதலே.

கடனும் காலமும்

விலையைப் பற்றி இனிச் சொல்கிறேன். காணியின் விலை பேர்ச்சில் பேசப்படுகிறது. ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. ஆறு பேர்ச் என்றால் 1,633 சதுர அடிக்குச் சிறிது மேல். வீடு, கிணறு, மலக்குழி, ஒரு முருங்கை ஆகிய யாவும் இதற்குள் அடங்க வேண்டும். நகரத்திலிருந்து ஒவ்வொரு தரிப்பிடம் தள்ளிப் போகும்போதும் பேர்ச்சின் விலை இறங்குகிறது. அந்த இறக்கத்தை இலாபம் என்று எண்ணுவோர், அதை வேறு இரண்டு வகையில் தாம் திருப்பிச் செலுத்துவதை உணர்வதில்லை.

ஒன்று வட்டி. 50 இலட்சம் ரூபாவை 20 வருடத் தவணையில் 12 வீத வட்டிக்குப் பெற்றால் மாதம் ஏறக்குறைய 55,050 ரூபா கட்ட வேண்டும். வட்டி 20 வீதமானால் அதே கடனுக்கு மாதம் 84,940 ரூபா ஆகும். முந்திய கணக்கிலே மொத்தம் ஒரு கோடி 32 இலட்சம். பிந்திய கணக்கிலே இரண்டு கோடியைத் தாண்டும். இது வெறும் வகுப்பறைக் கணக்கன்று. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்திற்று. மாறும் வட்டிக்குக் கடன் எடுத்திருந்த என் சக ஆசிரியர் ஒருவர், அடுத்து வந்த தவணைச் சீட்டைப் பார்த்துவிட்டு, மகளின் சங்கீத வகுப்பை நிறுத்தினார். பின்னர் வட்டி இறங்கியது. சங்கீத வகுப்பு மீண்டும் தொடங்கவில்லை. ஆகையால், வங்கி எவ்வளவு தரும் என்று கேட்பதற்கு முன், வட்டி இன்னும் எட்டு வீதம் ஏறினால் எதை நிறுத்துவோம் என்று மனைவியும் கணவனும் இருந்து பேசிக்கொள்ள வேண்டும். நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை என்றால் அந்த வீடு நமக்குரியதன்று.

மற்றொன்று காலம். போகவும் வரவும் ஒவ்வொரு பயணமும் ஒன்றரை மணித்தியாலம் என்றால் நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம். பாடசாலை நாட்கள் வருடத்துக்கு 200 என்று கொள்வோம். 600 மணித்தியாலம், அதாவது இரவும் பகலும் சேர்ந்த 25 முழு நாட்கள். கடன் தீரும் 20 வருடங்களிலே 500 நாட்கள். பயண நேரத்தைப் பாதியாக்கும் ஒரு வீடு 250 நாட்களை மீட்டுத் தருகிறது. அந்த நாட்கள் ஒருவன் தன் பிள்ளையோடு இருந்து சாப்பிடும் மாலை வேளைகள். காணி விற்பவரின் விளம்பரத்தில் அவை குறிப்பிடப்படுவதில்லை.

சொந்த வாகனம் வாங்கிவிட்டால் தூரம் ஒரு பொருட்டன்று என்பார் உளர். 2020 மார்ச்சிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் திரும்பத் திறக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையிலே நின்றோம்; பாடசாலைகளும் மூடப்பட்டன. அந்த மாதங்களில் புகையிரத நிலையத்துக்கு நடந்து போகக்கூடியவர்கள், கூட்டத்திலே நசுங்கியாயினும், வேலைக்குப் போனார்கள். மற்றையோர் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடக்கும் தூரத்தில் நிலையம் இருப்பது ஏழையின் காப்புறுதி.

பாடசாலை என்னும் முடிச்சு

குடும்பத்துக்கு உகந்த இடம் எது என்ற கேள்விக்கு எல்லா நாட்டிலும் முதல் விடை பாடசாலைதான். இந்நாட்டுத் தமிழ்க் குடும்பத்துக்கு அவ்விடை ஒரு முடிச்சாகவும் இருக்கிறது. அயலிலே நல்ல பாடசாலை இருந்தால் மாத்திரம் போதாது. அங்கே தமிழ்மொழி மூலம் கற்பிக்கப்பட வேண்டும். முதலாந்தர அனுமதியிலே அரசாங்கப் பாடசாலைகளின் இடங்களிற் பெரும்பகுதி அருகில் வசிப்போருக்கு ஒதுக்கப்படுகிறது. வதிவிடத்தை நிரூபிக்க வாக்காளர் இடாப்பும் உறுதியும் வேண்டும். வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலே பிள்ளை சேரக்கூடிய வேறு பாடசாலைகள் இருந்தால் புள்ளிகள் குறைக்கப்படும். இதன் விளைவு என்ன? நகரத்துக்குள் வாடகைக்கு இருக்கும்போது எங்களுக்கு அருகாமை உண்டு, உறுதி இல்லை. புறநகருக்குப் போனால் உறுதி உண்டு, அருகாமை இல்லை. என் மகள் ஐந்தாந்தரத்தில் படிக்கிறாள். அவள் எப்படியும் தன் பாடசாலையில் இருப்பாள். மகனுக்கு நான்கு வயது. அவனுடைய முதலாந்தரம் நாங்கள் வாங்கும் வீட்டின் விலாசத்திலே எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே ஓர் உண்மை எனக்குத் தாமதமாகவே விளங்கிற்று. தமிழரின் கொழும்பு ஒன்றன்று, இரண்டு. தெற்கே வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் ஒன்று. வடக்கே கொட்டாஞ்சேனையும் செட்டியார் தெருவும் மற்றொன்று. தெஹிவளையும் இரத்மலானையும் முன்னதைச் சார்ந்தவை. வத்தளையும் ஹெந்தளையும் ராகமையும் பின்னதைச் சார்ந்தவை. வடக்கே வீடு வாங்கிவிட்டுப் பிள்ளையைப் பம்பலப்பிட்டிக்கு அனுப்புபவர், நகரின் நெரிசலை முழுவதும் குறுக்கே கடந்து செல்ல அப்பிள்ளைக்குத் தண்டனை விதிக்கிறார். கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினால் நகரின் வாசலிலேயே இறங்கிவிடலாம். ஆதலால் முதலில் ஊரைத் தெரிவு செய்து பின்பு பாடசாலையைத் தேடுவது பிழை. பாடசாலையைத் தெரிவு செய்து, அங்கிருந்து வெளியே செல்லும் வழியைப் பார்த்து, அந்த வழியிலே நம் பணம் எங்கே போதுமோ அங்கே இறங்க வேண்டும்.

களனி கங்கைக்கு வடக்கே தமிழ்மொழி வகுப்புகள் இல்லாமலில்லை. ஆனால் அப்பகுதியிலே குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பெருக்கத்துக்கு ஏற்ப அவை பெருகவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை இருட்டிலே எழுந்து வானில் ஏறுவதை நாம் பெற்றோரின் பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். அது திட்டமிடாமையின் பலன் என்பதை அதிகாரிகளுக்கு எடுத்துரைப்பவர் அரியர். அயலில் ஒரு நல்ல ஆரம்பப் பாடசாலையைத் திறப்பது, ஒரு பாலத்தைத் திறப்பதைவிட வீதி நெரிசலைக் குறைக்கும் என்பது என் துணிபு.

சுவரிலே இரு கோடுகள்

வத்தளைப் பகுதியிலே, புகையிரத நிலையத்துக்குப் பத்து நிமிட நடையில், ஒரு வீடு அகப்பட்டது. எட்டுப் பேர்ச், மூன்று அறை, சீமெந்து முற்றம், ஒரு பலாமரம். விலை என் கணக்குக்கு உட்பட்டது. புதிதாக வெள்ளை பூசியிருந்தார்கள். மனைவியின் முகத்திலே நான் பல மாதங்களாகக் காணாத ஒரு களை தோன்றிற்று. முற்பணம் எவ்வளவு என்று நான் தரகரைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, என் தாயார் வேலியோரம் போய் நின்றார். அவருக்கு எழுபது வயதாகிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் அறைகளைப் பார்க்கமாட்டார். அவருடைய கேள்வி ஒன்றே:

"தம்பி, பக்கத்து வீட்டிலை ஆர் இருக்கினம்?"

இக்கேள்வியின் வரலாற்றை நான் சொல்ல வேண்டும். என் பெற்றோர் தெஹிவளைக்கு அப்பால் ஒரு சிறு வீட்டைக் கடன்பட்டு வாங்கியிருந்தனர். 1983ஆம் ஆண்டு யூலை மாதம் அது எரிக்கப்பட்டது. எனக்கு அப்போது நான்கு வயது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மையார் எங்களைத் தம் பின்னறையிலே இரண்டு நாட்கள் மறைத்து வைத்திருந்தார். அதன்பின் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம். அங்கிருந்து கப்பலிற் காங்கேசன்துறை. வீட்டின் உறுதியை மாத்திரம் தாயார் சேலைக்குள் வைத்துக் கொண்டு வந்தார். எரிந்த காணியைப் பின்பு கிடைத்த விலைக்கு விற்றார்கள். வீட்டை எரித்தவர்களும் அந்த ஊரவர். எங்களை மறைத்தவரும் அந்த ஊரவர். ஆகவே தாயாரின் கேள்வியிலே அச்சம் மாத்திரம் இல்லை. அயலவர் இன்னார் என்று அறிந்தாலன்றி வீடு வீடாகாது என்ற அனுபவமும் உண்டு. விலைப்பட்டியலிலே இதற்கு ஒரு நிரல் இல்லை. ஆனால் கொழும்பைச் சுற்றி வீடு தேடும் தமிழர் பலரின் உள்ளத்திலே இந்நிரல்தான் முதலாவது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, காற்று வரவில்லை, கிணறு சரியில்லை என்று வேறு காரணம் கூறித் திரும்புவோரை நான் அறிவேன்.

அன்று வேலிக்கு அப்பால் ஒரு நடுத்தர வயதுச் சிங்களப் பெண்மணி நின்றார். தாயாருக்குப் பழைய சிங்களம் இன்னும் வாயிலே இருந்தது. இருவரும் பேசினர். சிறிது நேரத்தில் அப்பெண்மணி எங்களைத் தம் வீட்டு முற்றத்துக்கு அழைத்துச் சென்று, வெள்ளை பூசாத தம் பக்கச் சுவரைக் காட்டினார். இடுப்பளவில் ஒரு மங்கிய கோடு. அதற்கு மேலே, இன்னும் சேறு நிறம் மாறாத ஒரு கோடு. கீழுள்ளது 2016ஆம் ஆண்டு மே மாத வெள்ளம்; மேலுள்ளது 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தித்வா புயலோடு வந்த வெள்ளம். நாங்கள் வாங்கவிருந்த வீட்டின் புதிய வெள்ளைப் பூச்சு எதற்காக என்பது அப்போதுதான் விளங்கிற்று. தரகர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

களனி கங்கையின் தாழ்நிலங்கள் வெள்ளத்தை ஏற்பதற்கென்றே இயற்கை விட்டு வைத்தவை. வடக்கே முத்துராஜவெலைச் சதுப்பு நிலமும், கிழக்கே கொலன்னாவை, கோட்டேச் சதுப்புகளும் மழைநீருக்குக் களஞ்சியங்களாய் இருந்தன. கொழும்பு 2018ஆம் ஆண்டில் ஈரநில நகரம் என்னும் சர்வதேச அங்கீகாரம் பெற்றது. அப்பெருமையின் மறுபுறத்திலே, அதே ஈரநிலங்கள் வண்டி வண்டியாய் மண் கொட்டப்பட்டுக் காணித்துண்டுகளாகின்றன. அக்காணிகளின் விலை குறைவு. ஆகையால் அங்கே போய்ச் சேர்பவர்கள் பணங் குறைந்தவர்கள். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளிலே, மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. நகரம் தன் வெள்ளத்தையும் குப்பையையும் எங்கே தள்ளுகிறதோ, அங்கேயே தன் ஏழைகளுக்கும் இடங் காட்டுகிறது. மலிவான காணியைக் கண்டால் மகிழ்வதற்கு முன், ஏன் மலிவு என்று கேட்க வேண்டும். நாகலகம் வீதியிலே கங்கையின் உயரத்தை அளக்கும் அளவுகோல் உண்டு. அதன் செய்தி வெள்ளக் காலத்தில் வானொலியிலே வரும். ஆனால், ஒவ்வொரு ஒழுங்கையிலும் நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதை அயலவரின் சுவரே சொல்லும். அத்தகைய குறிப்புகளைத் திரட்டி, காணி வாங்குவோர் எவரும் பார்க்கும்படி பிரதேச சபைக் கந்தோரில் வைத்தால், தரகரின் வெள்ளைப் பூச்சுக்கு வேலை இராது.

திரும்பும் வழியிலே மனைவி ஒன்றும் பேசவில்லை. தாயார் மாத்திரம் சொன்னார்: "அந்த மனிசி நல்ல அயல். ஆனா அந்த வளவு வேண்டாம்." நான் மறுமொழி கூறவில்லை. உண்மை சொல்லும் அயலவர் வெள்ளம் வரும் காணிக்குப் பக்கத்திலும், வெள்ளம் வராத காணி நம் பணத்துக்கு எட்டாத தூரத்திலும் இருக்கும்போது, இரண்டையும் ஒருங்கே பெறுவது எவ்வாறு என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

முடிவு

நான்கு மாதங்களின் பின், ராகமைக்கும் கந்தானைக்கும் இடையிலே, கபுக்கல் மேட்டு நிலத்தில், ஏழு பேர்ச்சில் ஒரு பழைய வீட்டைக் கண்டோம். அறைகள் இரண்டே. ஒழுங்கை ஒடுக்கம். நிலையத்துக்கு இருபது நிமிட நடை. மகனுக்குக் கொட்டாஞ்சேனைப் பக்கம் இடம் கிடைக்குமோ என்பது இன்னும் தீரவில்லை. கிடைக்காவிட்டால் அயலிலுள்ள தமிழ் வகுப்பிலே சேர்த்துவிட்டு, மாலையில் நான் பாடம் சொல்லிக் கொடுப்பேன். பயண நேரத்தில் மிச்சம் பிடித்ததை அதற்குச் செலவிடலாம். இம்முறை வீட்டைப் பார்க்குமுன்பே இரு பக்கத்து அயல் வீடுகளிலும் போய் அமர்ந்து தேநீர் குடித்தோம். ஒரு பக்கம் சிங்களக் கத்தோலிக்கக் குடும்பம். மறுபக்கம் ஓய்வு பெற்ற புகையிரதச் சாரதி ஒருவர். சுவர்களிலே கோடு இல்லை. கிணற்று நீர் மாசியிலே குறையும் என்று அவர்களே முன்வந்து சொன்னார்கள்.

என்னைப் போன்று தேடுவோருக்கு நான் சொல்லக்கூடியது சிலவே. பாடசாலையிலிருந்து தொடங்குங்கள். நடக்கக்கூடிய நிலையத்தை விடாதீர்கள். வருமென்று சொல்லப்படும் பாதைக்கு விலை கொடாதீர்கள். வட்டி ஏறும் நாளை இன்றே கணக்கிடுங்கள். காணிப் பதிவகத்தில் முப்பது வருட உரிமைத் தொடரையேனும் நொத்தாரிசைக் கொண்டு தேடுவியுங்கள். மழைக்காலத்திலே ஒரு முறையும், இரவிலே ஒரு முறையும் போய்ப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அயலவருடன் பேசாமல் முற்பணம் கொடாதீர்கள். நமக்குச் சிங்களம் போதாதென்று கூச்சப்படுவதும் ஒரு வகை விலைதான். அதை நாம் பின்பு வெள்ளத்திலே கட்டுவோம்.

ஆயினும், தனி மனிதனின் புத்திசாலித்தனத்தால் மாத்திரம் தீரும் பிரச்சினை இதுவன்று. நான் வெள்ளம் வராத வீட்டை வாங்கிவிட்டேன் என்றால், அந்த வெள்ளை பூசிய வீட்டை வேறொருவர் வாங்கியிருப்பார். அவரிடம் ஒருவேளை வேலியோரம் சென்று பேசும் தாயார் ஒருவர் இருந்திருக்கமாட்டார். ஒவ்வொரு குடும்பமும் தன் தலையைத் தப்பவைத்துக் கொள்வதையே நகரமைப்பு என்று நாம் அழைத்து வருகிறோம். அது நகரமைப்பன்று.

அடுத்த மாதம் உறுதி முடியும் என்று நொத்தாரிசு கூறுகிறார். தாயாரிடம் ஒரு தகரப் பெட்டி உண்டு. 1983இலே சேலைக்குள் வந்த அந்தப் பழைய உறுதியின் பிரதி இன்னும் அதில் இருக்கிறது. காணி போன பிறகு அதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று நான் பல முறை கேட்டதுண்டு. சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர் அப்பெட்டியைத் துடைத்து, புதிய உறுதிக்கும் இடம் விட்டு, பழையதை அடியிலே மடித்து வைத்தார்.